சுடலைமுத்து எழுதிய வரிகள்

1

போன மாதம் என் அப்பாவுக்கு மும்பையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை. அதுவும் "நீங்கள் வந்து கை கொடுத்தால்தான் ஆகும்" என்று கெஞ்சாத குறையாக. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரோடு அவருக்கு உள்ள ஒரே பழக்கம் ரேஷன் கடைக் கைரேகை மிஷின். அது இன்றுவரை முதல் அழுத்தலிலேயே அவரை இன்னார் என்று ஒத்துக்கொண்டதில்லை.

இது எப்படி நடந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுவதாக அம்மா சொன்னாள். அதனால்தான் உங்களுக்காக எழுதுகிறேன். மும்பையில் உட்கார்ந்துகொண்டு புலம்பெயர்ந்தவள் என்று நான் சொல்லிக்கொண்டால் கனடாவில் பனி அள்ளிப்போடுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாஸ்போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இந்த ஊரும் என்னிடம் கேட்டிருக்கிறது. முக்கியமாக ஒன்றை விடாமல் கேட்கிறது: சர்நேம். அப்பாவுக்கு வேலை வந்த கதை அங்கேதான் ஆரம்பம்.

2

உங்களுக்கு நான் சு. பேச்சியம்மாள். அந்தச் 'சு'வுக்கு ஆலங்குளத்தில் யாரும் விளக்கம் கேட்டதில்லை. செம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டார்கள். லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு பில் போடுகிற புரோகிராம் எழுதும் சின்னக் கம்பெனி அது. சரக்கு ரசீதை இங்கே பில்டி என்பார்கள். எந்த லாரியில் எத்தனை மூட்டை ஏறியது, வாடகை எவ்வளவு, வண்டி பாதி வழியில் நின்றால் யார் தலையில் கட்டுவது, எல்லாம் எங்கள் புரோகிராம்தான் சொல்லும்.

சேருகிற அன்று ஒரு ஃபாரம் நீட்டினார்கள். முதல் கட்டத்தில் முதல் பெயர், கடைசிக் கட்டத்தில் சர்நேம். இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும். அப்போது நான் வடாலாவில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தியைக் கேட்டதற்கு, "சாதிப் பேரப் போட்டுருளா, இங்க எல்லாரும் அதத்தான் போடுதாவ" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்ட்டி. ஏம் பேரு இருக்குல்லா, அதப் போடு" என்றார்.

நம் வழக்கப்படி அப்பா முன்னால், நான் பின்னால். முதல் கட்டத்தில் சுடலைமுத்து, கடைசிக் கட்டத்தில் பேச்சியம்மாள். நான் செய்தது எந்த ஊர்க்காரனுக்கும் தப்பாகத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் பொருத்த வந்த ஆள் முதல் கட்டத்தில் இருந்ததை மட்டும் எடுத்து என் மெஷினில் பெயராகப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு வரியும் சுடலைமுத்து எழுதியதாகப் பதிவானது.

அப்புறம் கல்யாணம் ஆயிற்று. வங்கி, ரேஷன் கார்டு, பான் கார்டு என்று எல்லா இடத்திலும் புதுப் பெயர். ஆபீஸிலும் புது ஃபாரம், புது மெஷின். இந்தத் தடவை முதல் கட்டத்தில் என் வீட்டுக்காரர் பெயர் ஏறியது. கணேசன் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்ப்பவர். அவருக்கு டிவி ரிமோட்டில் பேட்டரி மாற்றவே நான் வர வேண்டும். அவரும் அன்றிலிருந்து புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. பெயர் உள்ளே எங்கோ ஆழத்தில் கிடந்தது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஆபீஸில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில் முகவரி. கூப்பிடும்போது பேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

3

புரோகிராம் எழுதுகிறவர்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. யார், எப்போது, எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதை ஒன்று விடாமல் சேர்த்து வைக்கும். அதைத் தோண்டிப் பார்க்கத் தனியாகக் கட்டளை போட வேண்டும். அந்தக் கட்டளைக்கு வைத்த பெயருக்கே 'பழி' என்றுதான் அர்த்தம். வெள்ளைக்காரனுக்கும் நம்மைப் போல் பங்காளிகள் இருந்திருக்கிறார்கள் போல.

எங்கள் கம்பெனியை நவி மும்பையில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. பழைய முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டு மகனோடு இருக்க அமெரிக்கா போய்விட்டார். புதுக் கம்பெனியிலிருந்து நிகில் என்ற மராத்திப் பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயது. நல்ல பிள்ளை. காலையில் வந்ததும் எல்லாருக்கும் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, சொல்லிவிட்டுத்தான் உட்காருவான். ஆனால் கையோடு ஒரு கத்திரியையும் கொண்டுவந்திருந்தான். புரோகிராமில் யார் கை அதிகம் இருக்கிறதோ அவர்களை வைத்துக்கொள்வது, மற்றவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுத்து அனுப்புவது. அதற்கு வசதியாக எங்கள் எடிட்டரிலேயே ஒவ்வொரு வரிக்கும் அதன் பூர்வீகம் தெரிகிற மாதிரி செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டான்.

நான் செய்தேன். சந்தோஷமாகவே செய்தேன். எடிட்டர் என்பது நாங்கள் புரோகிராம் எழுதுகிற பலகை. கர்ஸரை ஒரு வரியில் வைத்தால் வலது ஓரத்தில் மங்கலான எழுத்தில் வரும்: இன்னார், இத்தனை வருடத்துக்கு முன், இன்ன காரணத்துக்காக. கர்ஸரைக் கீழே நகர்த்தினால் அடுத்த வரியின் ஜாதகம். ஒவ்வொரு அசைவுக்கும் முழு வரலாற்றையும் தோண்டினால் எடிட்டர் திணறும். அதனால் ஃபைலைத் திறக்கும்போதே ஒருமுறை பின்னணியில் படித்து வைத்துக்கொள்ளும். யாராவது நடுவில் புதிதாக வரி சேர்த்தால் மற்ற வரிகளின் பெயர்கள் இடம் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. அது சரியாக வந்த அன்று எனக்கு நானே ஒரு வடா பாவ் வாங்கித் தின்றேன்.

கர்ஸரை நகர்த்தி நகர்த்திப் பார்க்கையில் அம்மாவின் பாத்திர அலமாரிதான் ஞாபகம் வந்தது. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் விட மாட்டோம் இல்லையா? தூக்குவாளியைத் திருப்பினால் யார் கொடுத்தது, எப்போது, எந்த விசேஷத்துக்கு என்று எல்லாம் இருக்கும். யார் வீட்டுக் கரண்டி யார் வீட்டுக்குப் போனாலும் பேரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். வெள்ளைக்காரன் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்ததை நம் எவர்சில்வர் கடைக்காரர் எப்போதோ இலவசமாகச் செய்துகொண்டிருந்தார்.

ஆபீஸில் அடுத்த நாளிலிருந்து வேலையை விட வேடிக்கை அதிகம். எல்லாரும் பழைய ஃபைல்களைத் திறந்து யார் பழியை யார் தலையில் போடலாம் என்று மேய்ந்தார்கள். அப்படி மேய்ந்ததில் அப்பா பிரபலமானார். "யே சுடலைமுத்து நே க்யா மஸ்த் லிக்கா ஹை யார்!", இந்தச் சுடலைமுத்து என்னமாய் எழுதியிருக்கிறார் என்று புதிதாக வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். லாரி பாதி வழியில் நின்றால் வாடகையை எப்படிப் பிரிப்பது என்று நான் மண்டையை உடைத்து எழுதிய நூறு வரிகள் அவை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாய் குடித்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் நான்தான் என்று சொன்னேன், சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

4

சிரிப்பு நின்றது மீட்டிங்கில். நிகில் சுவரில் பெரிய திரை போட்டுக் கணக்குக் காட்டினான். புரோகிராமில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இரண்டு பேர். பழைய பகுதி சுடலைமுத்து, பிந்தைய பகுதி கணேசன். அந்தப் பெயர்களில் இப்போது ஆபீஸில் ஆள் யாரும் இல்லை. அவர்களைத் தேடிப்பிடித்து ஆலோசகராகவாவது கொண்டுவர வேண்டும். கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"மேடம், ஆப்கா நாம் தோ கஹீ ஹை ஹீ நஹீ." என் பெயரே எங்கும் இல்லையாம். சொல்வதற்கு அவனுக்கே சங்கடம். "இத்தனை வருஷம் நீங்கள் இங்கே என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

இந்தக் கேள்வியை என் மாமியார்கூட இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. இனிஷியல் விவகாரத்தை விளக்கினேன். இந்தியில்தான் விளக்கினேன். இந்தியில் நான் இன்றைக்கும் ஆண்பிள்ளைதான். நான் எழுதினேன் என்பதற்கு, பெண்கள் சொல்கிற "லிக்தி தீ" வராது, "மை லிக்தா தா" என்றுதான் வாயில் வரும். வீட்டில் என் மகள் யாழினி தலையில் அடித்துக்கொண்டு திருத்துவாள். அன்று திருத்த ஆளில்லை.

"அதாவது, சுடலைமுத்து உங்கள் அப்பா?"

"ஆமாம்."

"கணேசன்?"

"என் வீட்டுக்காரர்."

"அவர்கள் எழுதியதெல்லாம் நீங்கள் எழுதியது?"

அவன் குரலில் கேலி இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. ஆள் குறைக்கும் நேரத்தில் போனவர்கள் எழுதியதைத் தன்னுடையது என்று சொல்கிற நிறையப் பேரைப் பார்த்திருப்பான் போல. பழைய முதலாளிக்கு ஏற்கெனவே மெயில் போட்டுக் கேட்டிருந்தான். அவரோ "சப் பச்சே மில்கே லிக்தே தே", பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து எழுதினார்கள் என்று பாசமாகப் பதில் போட்டிருந்தார். "விசாரித்துச் சொல்கிறேன் மேடம்" என்றான் நிகில். யாரை வைத்துக்கொள்வது என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணேசன் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாதி நான் எழுதியதென்றால் பாதிச் சம்பளம் என் கணக்கில் வரணுமே?" என்றார். நான் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. யாழினி காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, "மம்மா, சீரியஸ்லி? தும்ஹாரா ஜாப் ஜாயேகா?" என்றாள், வேலை போய்விடுமா என்று. அவள் காலேஜ் ஃபீஸ், இந்த வீட்டுக் கடன் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. ஆனால் அதைவிட, இல்லாத ஆளாகிப்போன அவமானம்தான் பெரிதாக இருந்தது. என் கையால் எழுதியது. என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. வடாலா டிரக் டெர்மினலில் ஏதாவது ஒரு ஆபீஸில் இந்த நிமிடம்கூட அது பில்டி அடித்துக்கொண்டிருக்கும்.

5

இனி நடந்தது அம்மா சொன்னது. அம்மா சொன்னால் நடந்ததைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும்.

நிகில் என் பழைய ஃபாரத்தை எடுத்துப் பார்த்திருக்கிறான். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் சுடலைமுத்து என்று பெயரும் ஊர் நம்பரும் இருக்கவே, ஆள் கிடைத்துவிட்டார் என்று நேரே போன் போட்டுவிட்டான். அப்பா இளம் வயதில் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பை தைத்தவர். பம்பாய் இந்தி அவருக்குள் இன்னும் ஆறாமல் இருக்கிறது. பேச ஆள் கிடைக்காமல் ஊரில் வடக்கத்தி ஐஸ் வியாபாரிகளை நிறுத்திப் பேசுவார். அவருக்கு மும்பையிலிருந்து போன். "சுடலைமுத்து சார்?" என்று வேறு கேட்கிறார்கள். கேட்கவா வேண்டும்.

"ஹா, மை ஹீ சுடலைமுத்து. போலோ." நான்தான், சொல்லு என்று.

"சார், நீங்கள் எழுதியதைப் பார்த்தோம். ரொம்பப் பிரமாதம். நீங்கள் திரும்பி வர வேண்டும்."

அப்பா நினைத்தது பழைய பட்டறைச் சேட்டின் பேரன் பேசுகிறான் என்று. எழுதியது என்றானா, தைத்தது என்றானா என்பதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. தன் கைவேலையைப் பற்றி இத்தனை வருடம் கழித்து ஒருத்தன் மெச்சுகிறான், அது போதும். "ஹா ஹா, சப் மேரா ஹீ ஹை" என்று சொல்லிவிட்டார். எல்லாம் என்னுடையதுதான் என்று. அதோடு விட்டாரா? "பகார் கித்னா தேகா?" என்று சம்பளமும் பேச ஆரம்பித்துவிட்டார்.

என் வேலை அந்த நிமிடம் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அப்பா பேசுவார். அம்மா சைக்கிள் ஸ்டாண்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் நான் அழாத குறையாக அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன், வருத்தப்படுவார் என்று. நிகில் அடுத்து "அவுர் கணேசன் கஹா மிலேகா?", கணேசன் எங்கே கிடைப்பார் என்று கேட்டிருக்கிறான். கணேசன் என்ற பெயர் காதில் விழுந்ததும் அம்மா கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். அம்மா பம்பாயைப் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த இந்தி ஒரே ஒரு வார்த்தை.

"சுடலைமுத்து நஹி!" என்றாள். "கணேசன் நஹி! பேச்சி! பேச்சி! எம் மவ பேச்சி!"

அவனுக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னாளாம். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "ஏன் நிக்கியோ? அந்தப் பயலுக்கு இந்தியில சொல்லுங்க. ஒங்களுக்கு பில்லு போடத் தெரியுமா? நாலு சைக்கிளுக்கு டோக்கன் குடுத்தா அஞ்சு சைக்கிள எடுத்துட்டுப் போவுதான். அவ எழுதுனது, அவ பேரச் சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. போனை வாங்கி நிதானமாகச் சொன்னாராம். தனக்குத் தைக்கத்தான் தெரியும், எழுதியது மகள், பெயர் மட்டும் தன்னுடையது, எங்கள் பக்கத்தில் அப்பன் பெயரைத்தான் முன்னால் போடுவோம் என்று.

6

மறுநாள் காலை நிகில் எனக்கு மட்டும் முழு கிளாஸ் சாய் சொன்னான். "சாரி மேடம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கள் அம்மா ரொம்பத் தெளிவாகப் பேசுகிறார்" என்றான். பட்டியலில் என் பெயர் மேலே போனது. அதோடு இதைச் சரிசெய்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டான்.

சரிசெய்வது பெரிய காரியமே இல்லை. பழைய பதிவுகளைத் தொடத் தேவையில்லை. ஒரு தனி ஃபைலில், இந்தப் பெயர் வந்தால் அந்தப் பெயராகக் காட்டு என்று எழுதி வைத்தால் போதும். சுடலைமுத்துவுக்கு ஒரு வரி, கணேசனுக்கு ஒரு வரி. இத்தனை சுலபமான காரியத்தை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று யாழினி கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அம்மா கொஞ்சம் மக்கு. காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். ஊரை விட்டு இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அப்பா பெயர் ஓரத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. யாராவது அவரை மெச்சினால் எனக்கே பெருமையாக இருந்தது. மெச்ச வேண்டியது என்னை என்பதுகூட மறந்துபோகும் அளவுக்கு.

எழுதுவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம் பேரு போயிருமாட்டி?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வெளியில தெரியாதுப்பா. உள்ள பழைய பதிவு அப்படியேதான் இருக்கும். அத யாரும் அழிக்க மாட்டாங்க."

"அப்ப உள்ளுக்குள்ள நாந்தான்?"

"உள்ளுக்குள்ள நீங்கதான்ப்பா."

"அப்பஞ் சரி" என்றார். "மாப்பிள்ளையும் உள்ளதானே இருக்காரு?" என்றும் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

முதலில் என் மெஷினில் பெயரை மாற்றினேன். பிறகு அந்த இரண்டு வரிகளை எழுதிப் பதிந்துவிட்டு, எப்படித் தெரிகிறது என்று கர்ஸரை வைத்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் மங்கலாக வந்தது: பேச்சியம்மாள், சற்று முன். மேலே போனேன், கீழே போனேன், பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லா வரியிலும் நானே இருந்தேன். கூச்சமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. புதுப் பிள்ளை ஒருவன் பின்னால் வந்து நின்று, "யே பேச்சியம்மாள் கௌன் ஹை? யாரது, சுடலைமுத்துவின் புரோகிராமில் கை வைத்தது?" என்று பதறினான். அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தாள். புது இட்லிப் பானை வாங்கியிருக்கிறாளாம். பழையதில் ஓட்டை. விலை, கடைக்காரன் குறைக்காதது, என் தம்பி பெண்டாட்டி தூக்கிக்கொண்டு வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

அம்மாவின் அலமாரியை நீங்கள் பார்த்ததில்லை. அதில் இருக்கும் அத்தனை பாத்திரத்திலும் ஆ. சுடலைமுத்து என்றுதான் வெட்டியிருக்கும். அண்டா, தூக்குவாளி, முறுக்கு பிழிகிற உழக்கு, தோசைத் திருப்பி வரைக்கும். அப்பா தன் வாழ்நாளில் ஒரு தோசையைத் திருப்பிப் போட்டதில்லை.

"யம்மா, என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லளா. கடைக்காரன் என்ன பேரு வெட்டணும்னு கேட்டான். வேலம்மாள்னு சொன்னேன்."

"அப்புறம்?" என்றேன்.

"இனிஷியல் என்னம்மான்னான். அதெல்லாம் வேண்டாம்டே, பேர மட்டும் வெட்டுன்னுட்டேன்" என்றாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எழுத்து கோணலா வந்துருக்கு. ஆனா வாசிச்சா ஏம் பேருதான்" என்றாள்.